சிவக்காத ஆரத்தி

அத்தியாயம் 3

இதுவரை வந்த இரண்டு அத்தியாயங்களிலும் பிணம் எதுவும் விழவில்லையே என்று யாராவது முணுமுணுத்தால் அதில் நியாயம் இருக்கிறது. இந்த அத்தியாயத்திலும் விழாது. காஞ்சிபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் மயங்கி விழுகிறவர்கள் உண்டு, மற்றபடி யாரும் விழுவதில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு கல்யாணம் விழ இருந்தது.

மேற்கு ராஜ வீதியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடிப்படி முடிகிற இடத்தில் இருக்கிறது மயில்வாகனத்தின் துப்பறியும் நிலையம். மயில்வாகனத்துக்கு வயது நாற்பத்தெட்டு. பதினெட்டு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவியவர். அங்கே காணாமல் போன பியூரெட் என்ற ஒரு அளவுக் குழாயை மூன்றே நாளில் கண்டுபிடித்த பெருமையில் வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்துவிட்டார். உதவியாளர் ஷாரோனுக்கு வயது இருபத்தொன்பது. ஸ்கூட்டர் அவளுடையது. வாயும் அவளுடையதுதான், அதற்கு மட்டும் பிரேக் கிடையாது.

மின்விசிறி சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் கதவு திறந்தது. பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக ஒரு பெண் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். நெற்றியில் காய்ந்துபோன மஞ்சள் பொட்டு.

"சார், என் பேரு நதியா. ஊரு தாமல். என் கல்யாணத்த யாரோ கெடுத்துட்டாங்க. நாலரைக்குள்ள யாருன்னு கண்டுபுடிச்சுத் தரணும்."

"நாலரை தாண்டினா?" என்றாள் ஷாரோன்.

"நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடியே தட்டத் திருப்பிக் குடுத்துடுவாங்க. நிச்சயம் முறிஞ்சிடும்."

"உக்காரும்மா. மொதல்ல தண்ணி குடி" என்றார் மயில்வாகனம்.

"எனக்குத் தண்ணியப் பாத்தாலே பயமா இருக்குது சார்" என்றாள் நதியா. ஆனாலும் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னாள்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் குடும்பம் ஒன்று. அந்த வீட்டுப் பையன் குருவுக்கும் நதியாவுக்கும் நிச்சயமாகிவிட்டது. கல்யாணம் அடுத்த மாதம். அந்த வீட்டில் ஒரு வழக்கம்: முகூர்த்தப் புடவைக்கான நூலை வரப்போகிற மருமகள்தான் முதலில் சாயத்தில் முக்கி எடுக்க வேண்டும். அதற்காக இன்று காலை ஒன்பது மணிக்குத் தாமலிலிருந்து ஒரு வேன் நிறைய ஜனத்தோடு வந்திருக்கிறாள். வாசலில் ஆரத்தி கரைத்து எடுத்திருக்கிறார்கள்.

"அங்கதான் சார் வந்துச்சு வினை. ஆரத்தி செவக்கல. மஞ்சத் தண்ணியாவே நின்னுடுச்சு. மாப்பிள்ளையோட அத்தை எல்லம்மாள்னு ஒருத்தவங்க. அவங்கதான் கரைச்சாங்க, அவங்கதான் எடுத்தாங்க. இவ கால வெச்ச நேரம் சரியில்ல, ஆரத்தியே வெளுத்துடுச்சுன்னு கத்திட்டாங்க. எங்கப்பா அப்பாதுரை கோவக்காரரு. எம்பொண்ணச் சொன்ன வீட்டுல தண்ணி குடிக்க மாட்டேன்னு போய் வேன்ல ஏறி உக்காந்துட்டாரு. அவங்க வீட்டுல எண்பது பேருக்குச் சமைச்ச சாப்பாடு ஆறிக்கினு இருக்குது. எங்க ஆளுங்க வேன்ல பசியில உக்காந்துக்கினு இருக்காங்க."

"மாப்பிள்ளை இன்னா சொல்றாரு?" என்றாள் ஷாரோன்.

"அவருக்கு என்னப் புடிச்சிருக்குது. எனக்கும் அவரப் புடிச்சிருக்குது. ரூமுக்குள்ள உக்காந்து எனக்கு மெசேஜ் மேல மெசேஜ் அனுப்பிக்கினு இருக்காரு. அத்தைய எதுத்து வாயத் தொறக்கத்தான் ஆளக் காணும்." சொல்லும்போதே நதியாவின் கண் நிறைந்துவிட்டது. "நான் ராசி கெட்டவன்னு பேரு வாங்கிக்கினு ஊருக்குத் திரும்பிப் போகமாட்டேன் சார்."

ஷாரோன் நோட்டை மூடினாள். "சார், எங்க வீட்டுல ஆரத்தி கரைக்கற பழக்கம் இல்ல. அது எதுக்குச் செவக்கணும்?"

"மஞ்சளுக்குச் சுண்ணாம்பக் கண்டா முகம் செவந்துடும். செவக்கலன்னா சுண்ணாம்பு இல்லன்னு அர்த்தம். இல்லன்னா சுண்ணாம்ப அடக்கற மாதிரி வேற எதுவோ உள்ள இருந்துச்சுன்னு அர்த்தம்" என்ற மயில்வாகனம் நதியாவின் நெற்றியைக் கூர்ந்து பார்த்தார். "பொட்டு வெச்சப்போ எதாவது தெரிஞ்சுதாம்மா?"

"நெத்தியில ஒரு பரு இருக்குது. அதுல பட்டதும் சுருக்குன்னு எரிஞ்சுது."

மயில்வாகனம் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். சந்தோஷம் வந்தால் அவர் குடையை எடுப்பார், மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "ஷாரோன், எலுமிச்சம்பழம் புண்ணுல பட்டா எப்படி இருக்கும்?"

"எங்க சித்தி பேசற மாதிரி இருக்கும்."

"அதேதான். வண்டிய எடு."

ஒரு ஸ்கூட்டரில் மூன்று பேர் போவது குற்றம். குடையோடு போவது அதைவிடப் பெரிய குற்றம். ஆகையால் நதியா ஷேர் ஆட்டோவில் முன்னே போக, மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

சாயக்காரர் வீடு நீளமான வீடு. முன்னால் வாசல், நடுவில் கூடம், பின்னால் கொல்லை, கொல்லையைத் தாண்டினால் சாயப்பட்டறை. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. தெரு முனையில் வேன். அதன் ஜன்னல்களில் வரிசையாகப் பசித்த முகங்கள்.

மயில்வாகனம் வீட்டுக்குள் போகவில்லை. வாசல் தூணில் படர்ந்திருந்த சங்குப்பூக் கொடிக்குக் கீழே குந்தி உட்கார்ந்தார்.

"ஆரத்தியச் சுத்தின பிறகு எங்க கொட்டினாங்க?"

"அங்கதான் சார், நீங்க உக்காந்திருக்கற எடத்துல" என்றாள் நதியா.

"ஷாரோன், சங்குப்பூ என்ன கலர்?"

"நீலம். இதுக்கா இவ்ளோ தூரம் பெட்ரோல் போட்டுக்கினு வந்தோம்?"

"கீழ பாரு."

உதிர்ந்து, காலில் மிதிபட்டு நசுங்கிக் கிடந்த பூக்களில் படியின் இடது பக்கம் கிடந்தவை நீலமாகவே இருந்தன. வலது பக்கம், ஆரத்தி கொட்டிய இடத்தில் கிடந்தவை ரோஜா நிறத்துக்கு மாறியிருந்தன.

"லிட்மஸ் தாள் தீர்ந்து ஆறு மாசம் ஆவுது. வாங்கிக்கினு வான்னு சொன்னா நீ கேக்க மாட்டேங்கற. கடவுள் கொடியில காய வெச்சிருக்கார். நீலப்பூ புளிப்புப் பட்டா சிவப்புப் பக்கம் சாயும். ஆரத்தித் தட்டுல ஆசிட் இருந்திருக்குது."

"ஆசிட்டா!" நதியா நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பயப்படாதம்மா. முகத்தப் பொசுக்கற ஆசிட் இல்ல. எலுமிச்சம்பழத்துல இருக்கற மாதிரி சாதுவானது. ஆனா சுண்ணாம்ப அடக்க அது போதும்."

"சார், கேஸ் முடிஞ்சுது" என்றாள் ஷாரோன். "கரைச்சவங்க எல்லம்மாள். எடுத்தவங்க எல்லம்மாள். கத்தினவங்களும் எல்லம்மாள். அவங்களுக்குக் கல்யாண வயசுல ஒரு பொண்ணு இருக்குதான்னு கேளுங்க."

"இருக்குது" என்றாள் நதியா.

"நான் சொல்லல?"

சமையலறையில் எல்லம்மாள் ஆறிப்போன சாம்பார் அண்டாவுக்குக் காவல் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். குரல் மட்டும் தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பும்.

"இன்னாத்துக்கு வந்தீங்க? துப்பறியவா? இந்த வீட்டுல ஒண்ணும் களவு போகல. நாப்பது கல்யாணத்துக்கு ஆரத்தி எடுத்த கை இது. ஒண்ணாச்சும் வெளுத்திருக்குதா கேளு. வர்றவ நேரம் அப்படி. நான் இன்னா பண்றது?"

"நாப்பதும் செவந்துதாம்மா?" என்றார் மயில்வாகனம் மரியாதையாக.

"ரத்தமாச் செவந்துச்சு."

"அப்படின்னா உங்க கைமேல தப்பே கிடையாது. அதே மஞ்சள், அதே சுண்ணாம்பு இருக்குதா? ஒரு தடவை கரைச்சுக் காட்டுங்களேன்."

இந்த மரியாதையை எல்லம்மாள் எதிர்பார்க்கவில்லை. மஞ்சள் பொடியை ஒரு கிண்ணத்தில் போட்டாள். குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு கிள்ளு எடுத்து விரலால் கலக்கினாள். தண்ணீர் அந்த நொடியே சிவந்தது. தன் கையையே புதிதாகப் பார்ப்பதுபோல் அவள் விழித்தாள்.

"மஞ்சள் நல்ல மஞ்சள். சுண்ணாம்பும் நல்ல சுண்ணாம்பு. காலையில தண்ணிய எதுலேர்ந்து ஊத்தினீங்க?"

"அதோ அந்தச் செப்புச் சொம்பு. ராத்திரியே நான் குடத்துலேர்ந்து ரொப்பித் தட்டுப் போட்டு மூடி வெச்சேன்."

மயில்வாகனம் சொம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வெளிப்பக்கம் சீராக மங்கியிருந்தது. உட்பக்கம் கழுத்துவரை கறுத்து, அதற்குக் கீழே கோடு கிழித்த மாதிரி புத்தம் புதுசாகப் பளபளத்தது.

"இத புளி போட்டுத் தேச்சீங்களா?"

"தேச்சா மேல தேய்ப்பாங்களா, உள்ள பாதி மட்டும் தேய்ப்பாங்களா? மூளை இருக்குதா?" என்றாள் எல்லம்மாள்.

"நல்ல பாயிண்ட்" என்று ஷாரோன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"ஆசிட் தண்ணி இந்தக் கோடு வரைக்கும் மணிக்கணக்கா நின்னிருக்குது" என்றார் மயில்வாகனம். "செம்ப அது ஒண்ணும் பண்ணாது. செம்பு மேல படிஞ்ச அழுக்க மட்டும் தின்னுட்டுப் போயிடும். நீங்க வெச்ச தண்ணியக் கொட்டிட்டு யாரோ வேற தண்ணி ஊத்தி வெச்சிருக்காங்க. இந்த விசேஷப் பாத்திரத்தையெல்லாம் யார் யார் தொட்டாங்க?"

"நானும் எம்பொண்ணும்தான். இந்தச் சொம்பத் தவிர மத்ததத் தேச்சதும் நாங்கதான். வேற யாரையும் நான் தொட விடல. எங்க அண்ணி பொன்னியம்மாள் கூட எதையும் தொடல."

"மாப்பிள்ளையோட அம்மாவா? அவங்க ஏன் தொடல?"

எல்லம்மாளின் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கியது. "எங்கண்ணன் போயி இருபத்திரண்டு வருஷம் ஆவுது. நல்ல காரியத்துல அவ கை படக்கூடாதுல்ல. மருமவ உள்ள கால வெக்கற வரைக்கும் கொல்லையிலயே இருன்னு சொல்லிட்டேன். அதுக்கு இன்னா இப்ப?"

"ஒண்ணுமில்ல. அப்புறம் உங்க பொண்ணு?"

"அதுக்குச் சென்னையில ஒரு பையனப் பேசி முடிச்சாச்சு. ஐடி கம்பெனி. ஏன் கேக்கற?"

ஷாரோன் நோட்டில் எழுதியிருந்த ஒரு வரியை அடித்துவிட்டாள். மணி இரண்டேகால்.

கொல்லையைத் தாண்டிப் பட்டறைக்குள் போனதும் கண் இருட்டியது. வாசலில் சீரியல் பல்பு போடுவதற்காகப் பட்டறையின் லைனைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். சாயமேஸ்திரி உதயகுமார் செல்போன் வெளிச்சத்தில் அவர்களை வரவேற்றார். வலது கை மெரூனாகவும் இடது கை ஊதாவாகவும் இருந்தது.

"பட்டறை பூட்டி நாலு நாள் ஆவுதுங்க. புதன்கிழமை சாயந்திரத்தோட வேலைய நிறுத்திட்டோம்."

"இங்க ஆசிட் எதாவது வெச்சிருக்கீங்களா?"

"அது இல்லாம எப்படிங்க? பட்டு கட்டினா சரசரன்னு சத்தம் வரணும்ல. சாயம் போட்டு அலசி முடிச்சப்புறம் கடேசியா எலுமிச்சை உப்புத் தண்ணியில ஒரு முக்கு முக்குவோம். அப்பத்தான் நூலுக்கு மினுக்கும் வரும், அந்தச் சத்தமும் வரும்."

மயில்வாகனமும் ஷாரோனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எலுமிச்சை உப்பு என்பது சிட்ரிக் ஆசிட்டேதான். மணம் கிடையாது, நிறம் கிடையாது, கரைத்துவிட்டால் குடிதண்ணீருக்கும் அதற்கும் பார்வையில் வித்தியாசம் தெரியாது.

"அந்தத் தண்ணி இப்ப எங்க?"

"மிச்சம் ஒரு குடம் இருந்துச்சு. கொட்ட மனசு வரல. எப்பவும் எவர்சில்வர் குடத்துலதான் வெப்பேன். விசேஷத்துக்குன்னு எவர்சில்வர் குடம் எல்லாத்தையும் வீட்டுக்குள்ள எடுத்துக்கினு போயிட்டாங்க. இங்க மிச்சம் இருந்தது அலுமினிய அண்டாவும் இந்தத் தகர வாளியும்தான். அதுல ஊத்தினா அரிச்சுடும். போன வருஷம் அப்படி ஒரு வாளி ஓட்டையாயிடுச்சு. அதனால பிளாஸ்டிக் குடத்துல ஊத்தி வெச்சேன்." அவர் மூலையில் இருந்த பச்சைக் குடத்தைக் காட்டினார்.

"அந்தக் குடத்துல வழக்கமா என்ன இருக்கும்?"

உதயகுமார் தலையைச் சொறிந்தார். மெரூன் கை நடு வழியில் நின்றது. "குடிக்கற தண்ணிங்க."

ஷாரோன் சத்தமாகச் சிரித்துவிட்டாள். "வாளியக் காப்பாத்திட்டு ஊரயே மாட்டி விட்டீங்களே!"

தகர வாளி என்று சொன்னாலும் அது இரும்பின் மேல் துத்தநாகம் பூசியது. மயில்வாகனம் பச்சைக் குடத்திலிருந்து ஒரு குவளை மொண்டு வாளியில் ஊற்றி, செல்போன் வெளிச்சத்தைப் பிடிக்கச் சொன்னார். சற்று நேரத்தில் வாளியின் அடியில் பொடிப்பொடியாக முத்துக்கள் முளைத்தன. ஒவ்வொன்றாக விட்டு மேலே வந்து உடைந்தன.

"சோடா!" என்றாள் ஷாரோன்.

"ஹைட்ரஜன்" என்றார் மயில்வாகனம். "துத்தநாகத்தக் கண்டா ஆசிட்டுக்குச் சும்மா இருக்க முடியாது. செம்புகிட்ட அதோட பாச்சா பலிக்காது. ஒரே தண்ணிதான், ஆளுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்குது."

"அப்ப ஆளு இவருதான். சார், கையப் புடிங்க. எந்தக் கலர் கையைப் புடிக்கறதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

"ஐயோ, நான் காலையில எட்டு மணிக்குத்தாங்க வந்தேன்!" என்று உதயகுமார் அலறினார். "பட்டறைச் சாவி கொல்லைச் சுவத்து ஆணியில மாட்டியிருக்கும். யாரு வேணா தொறக்கலாம்."

மயில்வாகனம் ஆணியைப் பார்த்தார். அதற்குக் கீழே, கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல், வெளுத்த நூல் புடவையில் ஒரு பெண் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இவர்கள் வந்ததையும் போனதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நகங்களுக்கடியில் இருபது வருஷத்துச் சாயம். வலது கை விரலில் ஒரு செப்பு மோதிரம்.

"ஷாரோன், நீ போய் அந்த வேன்ல இருக்கறவங்களுக்கு எதாவது ஜோக் சொல்லு."

"பசியில இருக்கறவங்க அடிப்பாங்க சார்."

"அப்போ இங்கேயே நில்லு. ஆனா பேசாத." அவர் பொன்னியம்மாளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். "மோதிரம் புதுசாம்மா?"

"மூட்டு வலிக்குப் போட்டது. ஆறு வருஷம் ஆவுதுங்க."

"ஆறு வருஷத்துச் செம்பு இப்படி மின்னுதே. பட்டறை நாலு நாளாப் பூட்டியிருக்குது. விசேஷப் பாத்திரம் எதையும் நீங்க புளி போட்டுத் தேய்க்கல, எல்லம்மா சொன்னாங்க. ஆனா இன்னிக்குக் காலையில நீங்க பச்சைக் குடத்துக்குள்ள கைய விட்டுத் தண்ணி மொண்டிருக்கீங்க."

பொன்னியம்மாளின் கையிலிருந்து வெங்காயம் உருண்டு போனது. அவள் அதை எடுக்கவில்லை.

"விடியறதுக்கு முன்னாடி எழுந்தேன்" என்றாள் கடைசியில். "எல்லம்மா தூங்கிக்கினு இருந்தா. சொம்புத் தண்ணியக் கொட்டிட்டுப் பட்டறைக்குப் போனேன். லைட்டு எரியல. தடவிப் பாத்து எப்பவும் குடிக்கற குடத்துலேர்ந்து மொண்டாந்து வெச்சேன். அவரு போனப்ப குருவுக்கு நாலு வயசு. அந்தப் பட்டறைத் தண்ணியில நூல் அலசித்தான் அவனப் படிக்க வெச்சேன். தட்ட நான் தொடக்கூடாது, சரி. மருமவளுக்குச் சுத்தற தண்ணியாவது நான் மொண்டதா இருக்கட்டுமேன்னு ஒரு ஆசை. யாருக்கும் தெரியாதேன்னு நெனச்சேன்." அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "தண்ணிக்குத் தெரிஞ்சுடுச்சு. தாலி இல்லாத கை பட்டதும் வெளுத்துடுச்சு. அந்தப் பொண்ணு மேல பழி விழுது, நான் வாயத் தொறக்காம உக்காந்திருக்கேன். நான்லாம் ஒரு மனுஷியா?"

ஆய்வகத்தில் மயில்வாகனம் எத்தனையோ நிறமாற்றம் பார்த்தவர். ஒரு மனுஷி அதைத் தன் கையின் பாவம் என்று நினைத்து ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தார். கோபம்கூட வந்தது, யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

ஷாரோன் சொல்லாமலே உள்ளே போய் மஞ்சளும் சுண்ணாம்பும் ஒரு சொம்பு நல்ல தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்களே கரைங்கம்மா" என்றார் மயில்வாகனம்.

"வேணாங்க."

"இது ஆரத்தி இல்ல. பரீட்சை. உங்களுக்கு இல்ல, தண்ணிக்கு."

பொன்னியம்மாள் விரலால் கரைத்தாள். கிண்ணம் குங்குமமாகச் சிவந்தது. அவர் அதில் பச்சைக் குடத்துத் தண்ணீரை ஒரு குவளை ஊற்றினார். சிவப்பு அப்படியே மறைந்து மஞ்சளாகியது.

"பாத்தீங்களா? உங்க கைக்குச் செவந்துச்சு. எலுமிச்சை உப்புக்குத்தான் வெளுத்துச்சு. அந்தத் தண்ணிய எல்லம்மா மொண்டிருந்தாலும் வெளுத்திருக்கும். நான் மொண்டிருந்தாலும் வெளுத்திருக்கும்."

பொன்னியம்மாள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு கிண்ணத்தில், யாரும் கேட்காமலே, மறுபடி ஒருமுறை கரைத்துப் பார்த்தாள். அதுவும் சிவந்தது. புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஷாரோன் பக்கத்தில் உட்கார்ந்து, "வெங்காயம்மா, வேற ஒண்ணுமில்ல" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். அழுகைக்கு நடுவில் பொன்னியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, நான் மொண்டேன்னு மட்டும் அங்க சொல்லிடாதீங்க. எம்புள்ள கல்யாணத்துல எனக்கு ஒரு பேச்சு வேணாம்."

"சொல்லமாட்டேன்" என்றார் மயில்வாகனம்.

நாலு மணிக்கு வாசலில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடினார்கள். அப்பாதுரை வேனிலிருந்து இறங்கினார், ஆனால் வாசற்படிக்கு ஒரு முழம் தள்ளியே நின்றார். திருப்பிக் கொடுப்பதற்காக நிச்சயத் தட்டுகள் துணி மூடித் தயாராக இருந்தன. குரு கூடத்துக் கதவோரம் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மயில்வாகனம் வித்தைக்காரன் தோற்றுப்போகும் அளவுக்குச் செய்து காட்டினார். மஞ்சளைச் சிவக்க வைத்தார், சிவந்ததை வெளுக்க வைத்தார், சங்குப்பூவை நசுக்கி நிறம் மாற்றினார், தகர வாளியில் குமிழ் விட்டார். சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்பாதுரையின் மீசை கொஞ்சம் தளர்ந்தது.

"ஆக, நதியா கால் வெச்ச நேரத்துல ஒரு குறையும் இல்ல. எல்லம்மா கையிலயும் குறை இல்ல. தண்ணி மாறிப்போச்சு, அவ்ளோதான். எல்லாரும் சாப்பிடப் போகலாம்."

"இரு" என்றாள் எல்லம்மாள். "தண்ணி கெட்டது, சரி. ஒத்துக்கறேன். நான் ரொப்பி வெச்சதக் கொட்டிட்டு அத மொண்டாந்து வெச்சது யாரு? அதச் சொல்லு."

மயில்வாகனம் குடையைத் தரையில் ஊன்றினார். "அத மட்டும் என்னால கண்டுபிடிக்க முடியலம்மா."

ஷாரோனுக்குப் புரையேறியது. பியூரெட் கதையை வாரத்துக்கு இரண்டு தடவை சொல்கிற மனுஷன், ஊர் நடுவில் நின்று தனக்குத் தெரியாது என்று சொல்வதை அவள் இப்போதுதான் கேட்கிறாள்.

"முடியலயா?" கூட்டத்தில் ஒருவர் முன்னே வந்தார். "இன்னாத்துக்கு முடியல? ஆசிட் தண்ணிய வெச்சவன் எவன்? சாயமேஸ்திரிதானே? வேணும்னே பண்ணிட்டு முழிக்கறான் பாரு!" உதயகுமாரின் சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு கைகள் நீண்டன.

"அவன விடுங்க."

குரல் கொல்லைப் பக்கத்திலிருந்து வந்தது. பொன்னியம்மாள் கூடத்தைத் தாண்டி வாசலுக்கு வந்தாள். அந்த வீட்டு விசேஷத்தில் அவள் வாசலுக்கு வந்து யாரும் பார்த்ததில்லை.

"மொண்டது நான். இருட்டுல குடத்துல இருக்கறது இன்னான்னு தெரியாம மொண்டேன். ஆனா தெரியாம வெக்கல. என் கையால வெக்கணும்னு ஆசைப்பட்டுத்தான் வெச்சேன். இன்னா பேசணுமோ என்னப் பேசுங்க."

மூடிய தட்டுகளின் துணி காற்றில் படபடத்தது. அப்பாதுரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நதியா முந்திக்கொண்டாள்.

"அப்ப காலையில எனக்குப் பாதி ஆரத்தி எடுத்தது நீங்கதான் அத்த. மீதியையும் நீங்களே எடுத்துடுங்க. தட்ட நீங்க புடிச்சாத்தான் நான் இந்தப் படி ஏறுவேன்."

"அது வழக்கம் இல்லயேம்மா" என்றார் ஒரு பெரியவர்.

"எடுக்கட்டும்." கதவோரத்திலிருந்து வந்தது சத்தம். அன்று காலையிலிருந்து குரு வாயால் பேசிய முதல் வார்த்தை அது. செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு அவன் அம்மா பக்கத்தில் வந்து நின்றான். "எங்கம்மாதான் எடுப்பாங்க."

எல்லம்மாள் விருட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டாள். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. போச்சு, பெரிய சண்டைதான் என்று பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் திரும்பி வந்தபோது கையில் பித்தளைத் தட்டு இருந்தது. மஞ்சள் போட்டிருந்தாள், சுண்ணாம்பும் போட்டிருந்தாள், தண்ணீர் தளும்பச் சிவந்திருந்தது. நடுவில் கற்பூரம் எரிந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் அதைப் பொன்னியம்மாளின் கையில் வைத்தாள்.

பொன்னியம்மாள் தட்டை ஏந்திக்கொண்டு நதியாவுக்கு எதிரே நின்றாள். தட்டு அசையவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இதைத் தொடாத கைக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்பதே மறந்துபோயிருந்தது.

எல்லம்மாள் பின்னால் வந்து நின்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வலப்பக்கமா அண்ணி" என்றாள். "மூணு சுத்து."